நிறுத்தி வைத்த பஸ்

ஆசிரியர் அறையில் நாற்காலி ஆடும், ஜன்னல் சாத்தாது, குடிக்கிற தண்ணீரில் தூசி மிதக்கும். ஆனால் காரணங்களுக்கு மட்டும் அங்கே என்றைக்கும் பஞ்சம் வந்ததில்லை. ஒரு பிள்ளை சில நாள் வராவிட்டால் போதும், ஆளுக்கொரு காரணம் மடியில் முடிந்து வைத்திருப்பார்கள். பையன் என்றால் மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போயிருப்பான். பெண் என்றால் ஆளாகியிருப்பாள், வீட்டில் நிறுத்தியிருப்பார்கள். சொல்லிவிட்டு, இருக்கிற டீயைக் குடித்துவிட்டு, சாக்பீஸை எடுத்துக்கொண்டு அடுத்த பீரியடுக்குப் போய்விடலாம்.

வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு, பாடம் நடத்துவது எப்படி என்று நான் சொல்லப் போவதில்லை. அதை ட்ரெயினிங்கில் சொல்லியிருப்பார்கள், நீங்களும் மறந்திருப்பீர்கள். அது பரவாயில்லை, பிள்ளைகள் முன்னால் போய் நின்றால் தானாக வந்துவிடும். நான் சொல்ல வந்தது வராத பிள்ளையைப் பற்றி. வகுப்பில் வந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குப் பாடம் சொல்ல யாராலும் முடியும். காலியாகக் கிடக்கும் இடத்தைப் பார்த்துவிட்டு என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் உங்கள் சம்பளத்துக்கு அர்த்தம் இருக்கிறது. இப்படிச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். தேனிப் பக்கத்தில் ஒரு ஜில்லா போர்டு ஹைஸ்கூலில் நான் வேலை பார்த்தேன். பள்ளிக்கூடத்தின் பெயர் வேண்டாம், அங்கே படித்தவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள், சண்டைக்கு வருவார்கள். எங்கள் வீடு பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருந்த வேதக்காரக் குடும்பம். அப்பா கிறிஸ்தவர் என்பதைவிடப் புளியும் மிளகாயும் நியாயமாக விற்கிறவர் என்பதால்தான் ஊரில் மரியாதை. அந்த மரியாதையில் பாதி எனக்கும் கிடைத்தது. பள்ளிக்கூடத்தில் நான் ஒருத்திதான் பெண் வாத்தியார். அதனால் பெண் பிள்ளைகளைப் பற்றிய எந்தப் பேச்சு வந்தாலும் எல்லாரும் என் பக்கம் திரும்புவார்கள். பெண் பிள்ளைகளே கொஞ்சம் பேர்தான், அவர்களும் வருஷத்துக்கு வருஷம் குறைவார்கள். நாலாம் பாரத்தில், அதாவது இப்போதைய ஒன்பதாம் வகுப்பில், ஒரு பெஞ்சு இருக்கும், ஐந்தாம் பாரத்தில் அரை பெஞ்சு இருக்கும், ஆறாம் பாரம் முடித்து எஸ்.எஸ்.எல்.சி. எழுத வருவதற்குள் அந்த அரை பெஞ்சும் காணாமல் போகும்.

எங்கள் ஹெட்மாஸ்டர் கண்டிப்பானவர், நேர்மையானவர். இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால் அவரோடு வேலை பார்ப்பது லேசுப்பட்ட காரியமில்லை. ரூல் என்று ஒன்று இருந்தால் அது கலெக்டர் மகனுக்கும் ஒன்றுதான், கூலிக்காரன் மகனுக்கும் ஒன்றுதான். அதனாலேயே அவரை எனக்குப் பிடிக்கும். அதனாலேயே அவரோடு நான் போட்ட சண்டையும் அதிகம்.

பேச்சியம்மாள் நாலாம் பாரத்தில் படித்தாள். சொந்த ஊர் கோம்பை. அப்பா சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வைத்து வெள்ளாமை பார்த்தவர். கோம்பையிலிருந்து தினமும் வந்து போக முடியாது என்பதால் பேச்சி எங்கள் ஊரில் சின்னம்மா வீட்டில் தங்கிப் படித்தாள். கெட்டிக்காரி. அதைவிடப் பெரிய விஷயம், அவளால் ஓர் இடத்தில் உட்கார முடியாது. நான் கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள் எழுந்து நின்றுவிடுவாள். பல தடவை பதில் தெரியாமலே எழுந்து நிற்பாள், நின்றுகொண்டு யோசிப்பாள். "பேச்சி, உக்காரு" என்பதை அந்த வருஷம் நான் சொன்ன அளவுக்கு வேறு எதையும் சொல்லியிருக்க மாட்டேன். வகுப்பே சேர்ந்து ராகம் போட்டுச் சொல்ல ஆரம்பித்துவிட்டது.

வருஷக் கடைசிப் பரீட்சை நடந்துகொண்டிருந்தபோது அவள் பெரிய மனுஷி ஆனாள். கோம்பைக்கு அழைத்துப் போய்விட்டார்கள். தாய்மாமன் பச்சை ஓலையில் குச்சு கட்டி, அதில் உட்காரவைத்து, சடங்கு செய்து, சீர் கொண்டுவந்து, எல்லாம் முறைப்படி நடந்தது. மற்றப் பரீட்சைகளை அவள் முன்னாலேயே எழுதியிருந்தாள். கணக்கு மட்டும் பாக்கி. கணக்குப் பரீட்சை நடந்த அன்று அவள் குச்சுக்குள் இருந்தாள்.

ஒரு பேப்பர் எழுதாவிட்டால் மேல் வகுப்புக்கு அனுப்ப முடியாது. அவளுக்கு மட்டும் தனியாக வைக்கலாமே என்று ஹெட்மாஸ்டரிடம் கேட்டேன்.

"வைக்கலாம்மா. அப்புறம் மலேரியாவுல படுத்தவனுக்கு வைக்கணும், அண்ணன் கல்யாணத்துக்குப் போனவனுக்கு வைக்கணும். யாருக்கு வைக்கிறது, யாருக்கு வைக்க முடியாதுன்னு நான் உக்காந்து முகத்தைப் பார்த்து முடிவு பண்ணணுமா? அது எனக்கு வேண்டாம்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால்தான் எனக்கு எரிச்சல் அதிகமானது.

இந்த மாதிரி அதே வகுப்பில் இன்னொரு வருஷம் இருக்க வேண்டிய பிள்ளைகளை 'நிறுத்தி வைப்பது' என்று எங்கள் தொழிலில் சொல்வோம். வாயில் அது இன்னும் சுருங்கிவிடும். 'இவனை நிறுத்தியாச்சு, அவனை நிறுத்தியாச்சு' என்போம். பேச்சியின் சின்னம்மா வீட்டுக்காரர் பள்ளிக்கூட வாசலில் வந்து விசாரித்தபோது, பியூன் எங்களிடம் கற்ற அதே பாஷையில்தான் சொல்லியிருக்கிறார்: "பேச்சியம்மாளா? நிறுத்தியாச்சுங்க." அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது. நாலாம் பாரத்தில் பேச்சியின் இடம் காலியாக இருந்தது. ஆசிரியர் அறையில் யாருக்கும் ஆச்சரியமில்லை. "நான்தான் அப்பவே சொன்னேனே, வயசுக்கு வந்த புள்ளைய எந்தக் குடியானவன் அனுப்புவான்? நிறுத்தியிருப்பாக" என்றார் சரித்திர வாத்தியார். நானும் அப்படித்தான் நினைத்தேன். அப்படி நினைப்பது எவ்வளவு சுலபம் என்பதைக் கவனியுங்கள். அந்தக் காரணம் பொய் இல்லை, நூற்றுக்குத் தொண்ணூறு வீட்டில் அதுதான் நடக்கும். அதனால்தான் மிச்சப் பத்து வீட்டையும் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

கொஞ்ச நாள் கழித்து அந்தச் சின்னம்மா எங்கள் கடைக்குக் கருப்பட்டி வாங்க வந்தாள். நான் கல்லாப் பக்கம் நின்றிருந்தேன்.

"பேச்சி எப்படி இருக்கா?" என்றேன்.

"என்ன டீச்சரம்மா செய்ய. நல்லாப் படிச்ச புள்ள. நிறுத்திட்டாகளே" என்றாள், பெருமூச்சோடு.

"ஆமா, நிறுத்திட்டாக" என்று நானும் பெருமூச்சு விட்டேன்.

நம் பாஷையில் இது ஒரு வசதி. யார் என்று சொல்லாமலே வாக்கியத்தை முடித்துவிடலாம். இரண்டு பேரும் ஒரே சொல்லைச் சொல்லி, ஒரே மாதிரி வருத்தப்பட்டு, ஒத்துப்போய்விட்டோம் என்று நினைத்தோம். அவள் கருப்பட்டியை முந்தானையில் முடிந்துகொண்டு கிளம்பும்போது இன்னொன்று சொன்னாள்.

"அவுக அப்பாவுக்குத்தான் மனசே ஆறல. சரியாச் சாப்புடுறது கூட இல்லையாம். ஆடி பொறக்குமுன்ன தாய்மாமன் வீட்டுல பரிசம் பேசிப்புடுவாக. அதுக்கப்புறம் எல்லாம் சரியாப் போகும்."

அவள் போன பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியவர் அப்பாதானே? நிறுத்தியவருக்கே எதற்கு மனசு ஆறவில்லை? கட்டாயப்படுத்தியது யார்? யோசிக்க யோசிக்கக் கணக்கு உதைத்தது. மறுநாள் ஹெட்மாஸ்டரிடம் போய், கோம்பைக்குப் போய்ப் பார்க்கிறேன் என்றேன்.

அவர் ரிஜிஸ்டரை எடுத்துப் புரட்டினார். "போங்க. ஆனா பள்ளிக்கூடத்து பேரால எந்த வாக்கும் குடுத்துட்டு வராதீங்க. மாசக் கடைசி வரைக்கும் பேரை வச்சிருக்கேன். அதுக்கு மேல அடிச்சுடுவேன்."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகாமல் கோம்பை பஸ்ஸில் ஏறினேன். அம்மா அதற்கு ஒரு வாரம் பேசினாள், அது வேறு கதை. பெட்ரோல் கிடைக்காத காலம், பஸ்கள் கரியில் ஓடின. பின்னால் ஓர் உருளை அடுப்பு, அதில் கரியைப் போட்டு விசிறியைச் சுற்றிச் சுற்றித்தான் வண்டியை உசுப்ப வேண்டும். மேடு வந்தால் ஆண் பிள்ளைகள் இறங்கித் தள்ளுவார்கள். சின்னமனூர், உத்தமபாளையம் என்று இருமிக்கொண்டே போய், கோம்பை சேரும்போது எல்லார் முகமும் ஒரே கறுப்பு. டிரைவர் எங்கள் கடைக்குச் சரக்குக் கொண்டுவரும் ஆள், எனக்குப் பழக்கம். திரும்பிப் போகவும் அந்த ஒரு பஸ்தான்.

"எம்புட்டு நேரம் நிப்பீக?" என்றேன்.

"கரி அள்ளிப் போட்டு, ஒரு டீயக் குடிச்சா கெளம்பிருவேன். நீங்க என்ன சோலியா வந்தீக?"

சொன்னேன். அவர் தலையைச் சொறிந்தார். "பொம்பளப் புள்ள விசயம், இழுக்கும். சரி, வண்டிய நிறுத்தி வைக்கேன். வெரசா வந்துருங்க டீச்சரம்மா, சனங்க என்னையப் பிச்சுப்புடும்."

பேச்சியின் வீட்டு வாசலில் என்னை முதலில் வரவேற்றது நாய். வேட்டைக்குப் பேர் போன கோம்பை நாயைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அது குரைக்கவில்லை, அதுதான் பயமாக இருந்தது. சும்மா எழுந்து வழியை மறித்து நின்றது. நான் குடையை முன்னால் நீட்டிக்கொண்டு சிலையாக நின்றேன். "ஏ செவல, இங்கன வா!" என்று உள்ளேயிருந்து ஒரு குரல். நாய் வாலை ஆட்டிக்கொண்டு போய்விட்டது. குரல் பேச்சியுடையது. தாவணி போட்டுக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது, அடுத்த நொடியே அந்த முகத்தைக் கதவு மறைத்துக்கொண்டது.

நான் போன நேரம் அப்படி. வீட்டில் ஆட்கள் இருந்தார்கள். கயிற்றுக் கட்டிலில் தாய்மாமன், மல்லுக்கட்டுகிறவர் மாதிரி உடம்பு. பக்கத்தில் அவர் சம்சாரம். நடுவில் பித்தளைத் தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பூ. ஆடி பிறக்குமுன் பேச வேண்டியதைப் பேச அன்றைக்குத்தான் வந்திருக்கிறார்கள். தாம்பாளம் இன்னும் கை மாறவில்லை. மாறிவிட்டால் என் பயணம் வீண் என்பது எனக்குத் தெரியும். தாம்பாளம் மாறிய பிறகு ஒரு பேச்சை மாற்றுவது எங்கள் பக்கத்தில் கொலைக் குற்றத்துக்கு அடுத்தபடி.

பேச்சியின் அப்பா எழுந்து துண்டைச் சரிசெய்துகொண்டு வந்தார். ஒல்லியான மனிதர். முகத்தில் ஒரு பயம்.

"நாங்க ஒண்ணும் தகராறு பண்ணலையே டீச்சரம்மா" என்றார். "நிறுத்திட்டீக, சரின்னு இருந்துட்டோம். அப்புறமும் வீடு தேடி வந்திருக்கீகளே."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "யாரு நிறுத்துனது?" என்றேன்.

"நீங்கதான். பள்ளிக்கூடத்துல."

"நாங்களா? நீங்கதானே புள்ளைய நிறுத்திட்டீக!"

"நாங்க எதுக்கு நிறுத்துறோம்? சகலபாடி வந்து கேட்டப்ப, நிறுத்தியாச்சுன்னு பள்ளிக்கூடத்து ஆளுதான் சொன்னாக." அவர் குரலைத் தாழ்த்தினார். "புள்ள ஆளாயிட்டா. ஆம்பளப் பயலுக படிக்கிற எடத்துல வச்சுக்கிறது ஒங்களுக்குத் தோதுப்படாது போலன்னு நெனச்சோம். அதுவும் நியாயந்தானேன்னு இவ அம்மாவும் சொன்னா. நியாயமா இருந்தா மனசு ஆறணும்ல? ஆறல."

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நான் நின்றேன். பள்ளிக்கூடம் வீட்டைக் குறை சொல்லிக்கொண்டு இருக்கிறது, வீடு பள்ளிக்கூடத்தை மன்னித்துக்கொண்டு இருக்கிறது. நடுவில் ஒரு பெண் பிள்ளை கதவுக்குப் பின்னால் நிற்கிறாள். நிறுத்தியவர் யாருமே இல்லை. எல்லாரும் நிறுத்திவிட்டார்கள் என்ற ஒரு சொல்தான் அவளை நிறுத்தியிருந்தது.

அந்தச் சந்தோஷத்தில் நான் அவசரப்பட்டிருந்தால் காரியம் கெட்டிருக்கும். அடுத்த கேள்வி கட்டிலிலிருந்து வந்தது.

"அப்படின்னா எதுக்கு நிறுத்தியாச்சுன்னு சொன்னீக?" என்றார் மாமன்.

"கணக்குப் பரீட்சை எழுதல. அதனால அதே வகுப்புல நிறுத்தி வச்சிருக்கு."

"ஓகோ. ஃபெயிலு."

ஆங்கிலத்தில் வேறு எந்தச் சொல்லும் தெரியாத ஊரிலும் அந்த ஒரு சொல் தெரியும். மாமன் சம்சாரம் உதட்டைப் பிதுக்கினாள். பேச்சியின் அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். கதவு லேசாக அசைந்தது. தூரத்தில் பஸ் ஹாரன் அடித்தது.

இந்த இடத்தில்தான் நான் உங்களை நிறுத்தி ஒன்று சொல்ல வேண்டும். படித்த நமக்கு இப்படி ஒரு நேரத்தில் கோபம் வரும். எனக்கு வந்தது. 'உமக்கு என்னய்யா தெரியும் ஃபெயிலைப் பற்றி' என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்டிருந்தால் சண்டையில் ஜெயித்திருப்பேன். மச்சான் முன்னால் மாமன் தலை குனிந்திருப்பார், அந்த அவமானத்துக்கு அவர் தாம்பாளத்தை அப்போதே கை மாற்றியிருப்பார். நாம் ஜெயிக்கப் போன வீட்டில் பிள்ளை தோற்றுவிடும். யாரோடு பேசுகிறோமோ அவருக்கு எழுந்து வர ஒரு வழி விட்டுத்தான் பேச வேண்டும். பொய்யும் சொல்லக் கூடாது, ஏனென்றால் பொய் சொன்ன வாத்தியாரிடம் யாரும் பிள்ளையை அனுப்ப மாட்டார்கள்.

நான் கீழே பாயில் உட்கார்ந்தேன். "பந்தியில உக்காராதவன, சாப்பிடத் தெரியாதவன்னு சொல்லுவீகளா?" என்றேன்.

"அதெப்படிச் சொல்லுவாக?"

"அப்ப பரீட்சையே எழுதாத புள்ளைய ஃபெயிலுன்னு எப்படிச் சொல்லுவீக? மத்ததெல்லாம் எழுதி நல்லா வாங்கியிருக்கா. கணக்கு அன்னைக்கு அவ வரல. எங்கன இருந்தா தெரியுமா?"

"எங்கன இருந்தா?"

"நீங்க கட்டுன குச்சுக்குள்ள."

மாமன் என்னையே பார்த்தார். பிறகு ஒரு சிரிப்பு, வயிற்றிலிருந்து கிளம்பியது. "அடி ஆத்தீ! நானா புள்ளைய ஃபெயிலாக்குனது?" அவர் சம்சாரமும் சிரித்துவிட்டாள். "ஓலை வெட்ட அம்புட்டுத் தூரம் போனீகளே, ஒங்களுக்கு வேணும்" என்றாள்.

சிரிப்பு வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஆனாலும் பாதிதான் முடிந்தது. மாமன் சிரிப்பை நிறுத்திவிட்டு, உண்மையாகவே அவர் மனசில் இருந்ததைச் சொன்னார்.

"நான் ஒளிக்காமச் சொல்லிப்புடுறேன் டீச்சரம்மா. எம்மவன் எட்டாப்போட நின்னுட்டான். இவ மேல மேல படிச்சா, நாளைக்கு அவன மதிப்பாளா? பொண்டாட்டி புருசனுக்குக் கணக்குச் சொல்லிக்குடுக்கவா?"

"சொல்லிக்குடுத்தா வாங்கிக்கிடட்டுமே. ஏலக்காய் ஏவாரி ஏமாத்தாம இருப்பான்ல" என்றேன். பேச்சியின் அப்பா முதல்முறையாகச் சிரித்தார். மாமன் சிரிக்கவில்லை.

"அதுவும் போக, ஒரு தடவ நின்ன புள்ள. நின்னது நின்னதுதான். மறுபடி போனா ஊரு என்ன சொல்லும்?"

ஹாரன் மறுபடி அடித்தது, இந்தத் தடவை நீளமாக. பேச்சியின் அம்மா நிமிர்ந்து, "டீச்சரம்மா, பஸ்ஸு போயிரப் போகுது" என்றாள். அவள் அதுவரை பேசியதே இல்லை.

"போகாது. எனக்காக நிறுத்தி வச்சிருக்காக" என்றேன்.

சொன்ன பிறகுதான் என் வாயில் வந்தது எனக்கே உறைத்தது. நான் மாமன் பக்கம் திரும்பினேன்.

"கேட்டீகளா? பஸ்ஸ நிறுத்திட்டான்னா எறங்கணும். நிறுத்தி வச்சிருக்கான்னா என்ன அர்த்தம்?"

பேச்சியின் அம்மாதான் சொன்னாள், மெதுவாக, தனக்குத்தானே சொல்வது போல.

"ஏறாதவகளுக்காக நிக்கிதுன்னு அர்த்தம்."

"அவ்வளவுதான். பள்ளிக்கூடம் ஒங்க மகள நிறுத்தல. அவளுக்காக நிறுத்தி வச்சிருக்கு. ஹெட்மாஸ்டர் பேர அடிக்காம வச்சிருக்காரு. அங்கன எல்லாரும் திட்டத் திட்ட டிரைவர் வண்டிய வச்சிருக்காரு பாருங்க, அது மாதிரி. ஆனா ரெண்டும் ரொம்ப நேரம் நிக்காது."

பேச்சியின் அப்பா மச்சினன் முகத்தைப் பார்த்தார். முடிவு அவர் கையில் இல்லை. பெண்ணைக் கேட்க முறை உள்ளவன் தாய்மாமன். அவன் முகம் சுளித்தால் அப்பாவின் ஆசை தண்ணீரில் எழுதிய எழுத்து.

மாமன் தாம்பாளத்தைத் தன் பக்கம் இழுத்தார். ஒரு வெற்றிலையை எடுத்துக் காம்பைக் கிள்ளினார், சுண்ணாம்பு தடவினார், வாயில் போட்டுக்கொண்டார். பரிசத்துக்கு வைத்த வெற்றிலை.

"மச்சான்," என்றார் மென்றுகொண்டே. "கரி பஸ்ஸுக்காரன் நிறுத்தி வைப்பானாம், பள்ளிக்கூடத்துக்காரக நிறுத்தி வைப்பாகளாம். தாய்மாமன் நான் நிறுத்தி வைக்க மாட்டேனா? புள்ள படிச்சு முடிக்கட்டும். எம்மவன் எங்கயும் ஓடிப் போயிர மாட்டான், ஓடுனா கால ஒடிச்சுப்புடுவேன்."

பேச்சியின் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ரெண்டு நாள்ல கொண்டாந்து விடுறேன் டீச்சரம்மா" என்றார்.

இது இரண்டாவது இடம், கவனியுங்கள். அவர் மனசாரத்தான் சொன்னார். ஆனால் இரண்டு நாளில் பக்கத்து வீட்டுக்காரி வருவாள், பெரியப்பா வருவார், ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. நல்ல முடிவுக்குச் சூடு ஆறக் கூடாது. "இன்னைக்கே அனுப்புங்க, என் கூட. பஸ்ஸு நிக்கிது" என்றேன்.

பேச்சி அதற்கு முன்பே பெட்டியை எடுத்து வைத்துவிட்டாள் என்பது பிறகுதான் தெரிந்தது. தகரப் பெட்டியை மாமனே தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். நாய் கூடவே வந்தது. பஸ்ஸில் இருந்தவர்கள் எங்களைக் கடித்துக் குதறத் தயாராக இருந்தார்கள், ஆனால் மாமன் உடம்பையும் நாயையும் பார்த்ததும் எல்லாருக்கும் திடீரென்று பொறுமை வந்துவிட்டது. டிரைவர் மட்டும், "வெரசா வாங்கன்னா, ஒரு ஆளக் கூட்டிக்கிட்டு வந்திருக்கீகளே" என்றார்.

ஹெட்மாஸ்டரிடம் நடந்ததைச் சொன்னபோது அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "ரூல் சரியாத்தான் இருந்துச்சு. அதைச் சொன்ன வாய் சரியில்லை" என்றார். அந்த வருஷத்திலிருந்து 'நிறுத்தியாச்சு' என்று பியூன் உட்பட யாரும் சொல்லக் கூடாது என்று உத்தரவு போட்டார். 'அதே வகுப்பில் இன்னொரு வருஷம் படிப்பார்' என்று முழுசாகச் சொல்ல வேண்டும், அதையும் பெற்றவரைக் கூப்பிட்டு முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். ரூலை அவர் ஓர் அங்குலம் கூட மாற்றவில்லை, சொல்லும் விதத்தை மட்டும் மாற்றினார். அடுத்த ஜூனில் திரும்பி வந்த பிள்ளைகளைப் பார்த்தபோது, இதற்கு முன்னால் எத்தனை வீட்டில் அந்த ஒரு சொல் கதவைச் சாத்தியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லாரையும் நான் திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். போர் சமயத்தில் இரும்புக்காக ரயில் பாதையைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள், ஆண்டிபட்டிப் பக்கத்திலிருந்து ரயிலில் வந்துகொண்டிருந்த பிள்ளைகள் பலர் அதோடு சரி. அவர்களை எந்தப் பேச்சாலும் என்னால் கொண்டுவர முடியவில்லை. மயிலாடும்பாறையில் ஒரு பையன் வீட்டுக்குப் போனேன். ஆசிரியர் அறையில் சொன்ன காரணம் அங்கே அப்படியே இருந்தது, அப்பா இல்லை, மாடு மேய்க்க வேறு ஆள் இல்லை. அம்மா மோர் கொடுத்தாள், குடித்துவிட்டு வந்தேன். போனதற்காக நான் வருத்தப்படவில்லை. தெரிந்த காரணம்தான் உண்மைக் காரணமும் என்றால், அதையும் போய்ப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

பேச்சி ஆறாம் பாரம் முடித்தாள், எஸ்.எஸ்.எல்.சி. எழுதித் தேறினாள். அதன் பிறகு மாமன் மகனையே கட்டிக்கொண்டாள். கணக்குச் சொல்லிக்கொடுத்தாளா என்று கேட்டேன், "அத அவுகளக் கேளுங்க டீச்சர்" என்று சிரித்தாள், முழுசாகச் சொல்லவில்லை. கல்யாணத்துக்கு முந்திய வருஷமே மாமன் தன் சின்ன மகளைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார். "ஆளாகுற அன்னைக்குப் பரீட்சை வந்துச்சுன்னா குச்ச இங்கனயே கட்டிப்புடுவேன்" என்றார். ஹெட்மாஸ்டர் அன்றைக்குச் சிரித்தார்.

திங்கட்கிழமை காலையைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அதைச் சொல்லிவிட்டு முடித்துக்கொள்கிறேன்.

முதல் மணி அடித்து நான் நாலாம் பாரத்துக்குள் போனேன். பேச்சி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவளோடு படித்தவர்கள் எல்லாம் அடுத்த அறையில் ஐந்தாம் பாரத்தில் இருந்தார்கள். இங்கே இருந்ததெல்லாம் அவளைவிடச் சின்னப் பிள்ளைகள், எல்லாரும் தாவணி போட்ட அவளையே பார்த்தார்கள். கேள்வி கேட்பதற்குள் எழுந்து நிற்கிற பேச்சி, ஓர் அடி எடுத்து உள்ளே வைக்க முடியாமல் புத்தகங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். இவ்வளவு தூரம் வந்து, அந்த வாசலில் அவள் திரும்பிப் போய்விடுவாளோ என்று எனக்குப் பயம் வந்தது. ஆறுதல் சொல்லலாமா, அருகில் போய்க் கையைப் பிடிக்கலாமா என்று யோசித்தேன். இரண்டும் செய்திருந்தால் அழுதிருப்பாள், அழுதிருந்தால் போயிருப்பாள்.

நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். சாக்பீஸை எடுத்தேன். போன வருஷம் தினமும் சொன்ன அதே குரலில், தலையைத் திருப்பாமல் சொன்னேன்:

"பேச்சி, உக்காரு."

பெஞ்சு நகரும் சத்தம் கேட்டது.